பதுளை ஸ்டேசனில் எடுத்த படம்

வெளியே வந்ததும் அடைக்கலம் மாமா இடது கையை மார்புக்கு நேரே நீட்டி உள்ளங்கையைப் பார்ப்பார். கடையிலிருந்து தெருவில் இறங்கினாலும், தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து வாசலுக்கு வந்தாலும், பசறையில் பஸ் மாறினாலும் அதே பழக்கம்தான். ஒரு கணம் பார்ப்பார், கையைச் சற்றுத் திருப்புவார், பிறகு மடக்கிக்கொள்வார்.

"ரேகை மாறிருச்சாண்ணே?" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு. கல்யாண ரேகையத்தான் இன்னும் காணோம்" என்பார்.

உண்மையில் அவர் பார்த்தது வெளிச்சத்தை. பதுளைக் கடைவீதியில் மர்ஸூக் முதலாளியின் ஸ்டூடியோவில் அவர் படம் எடுப்பவராக இருந்தார். வெளிச்சத்தை அளக்க அங்கே ஒரு கருவி இருந்தது. அது கெட்டுப் பல வருடங்களாகிவிட்டதால் மாமா கையையே கருவியாக்கிக்கொண்டார். உள்ளங்கையில் விழும் வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்று பார்த்து, கேமராவின் கண்ணை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். மடுல்சீமைக்கு மேலே, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து நான்கு கட்டை தூரம் ஏறினால் எங்கள் தோட்டம். தேயிலைக் கொழுந்துக் கூடைக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் போகாமல் டவுனுக்குப் போய்ப் பிழைத்தவர் எங்கள் லயத்தில் அவர் ஒருவர்தான். வார நாட்களில் ஸ்டூடியோவின் பின்னறையில் படுத்துக்கொள்வார். சனிக்கிழமை மாலை எங்களிடம் வருவார். ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுவார். அதன் முன்னால் ஒரு ஸ்டூல். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்கள் பாஸ்போட் படத்துக்காக வரிசையில் நிற்பார்கள். மாமாவின் பையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டும் இருக்கும். ஆண்கள் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள், எழுந்ததும் அடுத்தவரிடம் கழற்றிக் கொடுப்பார்கள். அந்த ஒரே கோட்டோடு எத்தனையோ பேர் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

படங்களில் ஒரு குறை இருந்தது. வேட்டி பளிச்சென்று விழும். முகம் கறுப்பாகத் திட்டாக விழும். நாள் முழுக்க வெயிலில் மலையில் நிற்கிற எங்கள் முகங்களில் கண் எது மூக்கு எது என்று சில படங்களில் தேடத்தான் வேண்டும். பாஸ்போட் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து படிவங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஓரத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசித்துச் சொல்வார்: முகம் தெளிவில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தது. அதற்குள் அவர்கள் இந்தியா போகும் முறை தள்ளிப்போயிற்று. அந்த மனிதர் ஸ்டூடியோவுக்கு வந்து, படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.

எங்களுக்கு எதிர்க் காம்பராவில் பெரியாயி அத்தை இருந்தார். சொந்த அத்தை அல்ல. புருஷன் இறந்துபோனவர், ஒரே மகள் வெள்ளைத்தாயி. பெரியாயி அத்தையும் புருஷனும் இந்த நாட்டிலேயே இருக்கிறோம் என்று எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைத்தாயியின் புருஷன் இந்தியா என்று எழுதினார். மகள் புருஷனோடு போக வேண்டும், தாய் இங்கே நிற்க வேண்டும். ஒரே காம்பராவில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் காகிதத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அந்த நாட்களில் அது எங்களுக்கு ஆச்சரியமான விஷயமே அல்ல.

பெரியாயி அத்தையை மாமா முன்பே ஒரு திருவிழாவின்போது படம் எடுத்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து அத்தைதான் முதலில் சிரித்தார். "தலையில போட்ட கம்பளிக்குள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்கடி. ரெண்டு பல்லு மட்டும் தெரியுது." லயமே சிரித்தது. ஆனால் அந்தப் படத்தை அவர் சுவரில் மாட்டவில்லை. பெட்டியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

எழுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் வெள்ளைத்தாயி குடும்பத்துக்குப் பாஸ்போட் வந்தது. பெப்ரவரி இருபத்து நான்காம் தேதி பதுளையிலிருந்து கப்பல் துறைக்கு ரயில், நாங்கள் சொல்கிற கோச்சி, என்று சொன்னார்கள். பெரியாயி அத்தை மாமாவிடம் வந்தார்.

"தம்பி, எல்லாரும் ஒண்ணா நின்னு ஒரு படம் எடுத்துக் குடு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"எடுத்துத் தாரேன் அக்கா."

"மூஞ்சி தெரியணும். அந்தப் பழைய படம் மாதிரி குடுத்தியின்னா, அங்க போயி எம் பேரன் பேய்னு பயந்துருவான்."

அந்த வாரம்தான் கனகசுந்தரம் ஐயா ஸ்டூடியோவுக்கு ஒரு செய்தியைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். பொழுதுபோக்காகப் படம் எடுத்து ஸ்டூடியோவில் கழுவக் கொடுப்பவர். கொழும்பில் படம் பிடிப்பவர்களின் சங்கம் ஒன்று மூன்று நாள் வகுப்பு வைக்கிறது, அதன்பின் நான்கு நாள் மலைநாட்டுச் சுற்றுலா, வருகிறவர்களுக்கு இரண்டு பிலிம் சுருள் இலவசம் என்றார்.

"நீர் கட்டாயம் போகவேணும் அடைக்கலம். கட்டணத்தை நான் கதைச்சுக் குறைப்பிக்கிறன். இப்பிடிச் சந்தர்ப்பம் திரும்ப வராது."

மர்ஸூக் முதலாளி மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொழும்புத் துரை மாத்தயாமாருக்குப் பொழுது போகல்ல. அவங்க மலையப் பாக்க வாராங்க. நீ மலையிலதானே பொறந்தாய். ஒனக்கு எதுக்கு அந்தப் பயணம்?"

"படம் கறுப்பா விழுது மொதலாளி."

"ஆக்கள் கறுப்பா இருந்தா படமும் கறுப்பாத்தான் விழும். அதுக்கு வகுப்பா வைக்கிற?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "போறண்டா போ. லீவு தாரன். ஆனா நான் ஒண்டு செல்றன் கேளு. படிக்கிறத்துக்குப் போ. ஊர் சுத்தப் போகாதே" என்றார்.

மாமா பத்து நாட்கள் இதையே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் உள்ளங்கையைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பதைக் கண்டேன்.

"ஏழு நாளு வகுப்புல அப்படி என்னாண்ணே சொல்லிக் குடுத்துருவாங்க? பதினாலு வருஷமா எடுக்குறீங்க" என்றார் அம்மா.

"பதினாலு வருஷமாத் தப்பா எடுக்குறேனோ என்னமோ."

என்னிடமும் கேட்டார். எனக்குப் பதினான்கு வயது. எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் நான். வகுப்பு என்ற பெயரில் எது நடந்தாலும் அது நல்லது என்று நம்பியிருந்தேன். "போங்க மாமா. படிச்சா நல்லதுதானே" என்றேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் உட்கார்ந்து பட்டமும் வாங்கிவிட்டேன். அந்தப் பதிலை மட்டும் இன்றைக்கு என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

கடைசியில் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று நாள் வகுப்புக்கு மட்டும் போவது, சுற்றுலாவுக்குப் போகாமல் பதின்மூன்றாம் தேதி திரும்பிவிடுவது. பெரியாயி அத்தையிடம் போய்ச் சொன்னார்.

"அக்கா, இப்ப எடுத்தா பழையபடி கறுப்பாத்தான் வரும். படிச்சிட்டு வந்து எடுக்குறேன். வர ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு. அதுக்குப் பொறவும் நாள் இருக்கு."

"போயிட்டு வா தம்பி. நாங்க இருவத்தி நாலாந்தேதிதானே."

வகுப்பைப் பற்றி மாமா பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார். முப்பது பேர் இருந்தார்களாம். தோட்டக் கம்பனி ஆட்கள், டொக்டர்மார், ஒரு நீதிபதியின் மகன். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் அவ்வப்போது தமிழில் சொன்னார். இரண்டாம் நாள் மாமா எழுந்து தன் கேள்வியைக் கேட்டார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகத்தை எப்படி எடுப்பது? சிலர் சிரித்தார்கள். சொல்லிக்கொடுத்த கிழவர் சிரிக்கவில்லை. இப்போது எப்படி எடுக்கிறாய் என்று கேட்டார். மாமா வழக்கம்போல் கையை நீட்டிக் காட்டினார்.

கிழவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து மாமாவின் கன்னத்தில் வைத்தார். கையும் கன்னமும் இரண்டு நிறமாக இருந்தன. படம் கழுவும் மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை அது. இத்தனை வருடமும் மாமா தன் உள்ளங்கைக்கு வெளிச்சம் வைத்துத்தான் மற்றவர்களின் முகத்தை எடுத்திருக்கிறார். கையைப் பார்க்காதே, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார், சுவரை மறந்துவிடு, இன்னும் ஒரு படி திறந்து வை என்றார் கிழவர். அவ்வளவுதான் பாடம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மாமா அன்றே திரும்பியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவர் தேடிப் போனது கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் மாலை, சுற்றுலாவை முடிக்கிறவர்களுக்குத்தான் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். கூடவே, மலைநாட்டில் தமிழில் பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வந்தால் நல்லது என்று சங்கத்துக்காரர் ஒருவர் தோளில் கை வைத்துக் கேட்டாராம். அதுவரை எந்தப் பெரிய மனிதரும் மாமாவின் தோளில் கை வைத்ததில்லை. இருபத்து நான்குக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நுவரெலியாவில் மழை. அடுத்த நாள் மலைக்கு மேலிருக்கும் சமவெளியில் மூடுபனி. பதினேழாம் தேதி காலை அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதுதான் சுற்றுலாவின் கடைசிப் பாடம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் மலையில் வரிசையாக நின்றார்கள். "அவர்களைச் சிரிக்கச் சொல்லுங்கள்" என்று மாமாவிடம் சொன்னார்கள்.

மாமா சொன்னார். ஒரு பெண் கையை நிறுத்தாமலே கேட்டார்: "சிரிச்சா கொழுந்து எடை கூடுமாங்க?" மற்றவர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள். எல்லாக் கேமராக்களும் அந்த நேரத்தில் சத்தம் போட்டன. பிறகு அந்தப் பெண், "தம்பி பேச்சப் பாத்தா நம்ம ஆளு மாதிரி இருக்கே. எந்தத் தோட்டம்?" என்றார்.

"நான் பதுளை டவுனுங்க" என்றார் மாமா.

அந்தப் பெண் அடுத்த செடிக்கு நகர்ந்தார். பனி விலகி மலைக்கு மலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமாவிடம் இரண்டாவது சுருளில் நாலைந்து படம் மிச்சம் இருந்தது. பெரியாயி அத்தைக்கென்று அவர் எடுத்து வைத்திருந்தவை அவை. ஏனென்றால் அந்த வருடங்களில் பதுளையில் பிலிம் கிடைப்பது அரிது. முதலாளியிடம் வருவது பாஸ்போட் வேலைக்கே போதாது. ஆனாலும் பக்கத்தில் எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரும் எடுத்தார். எப்படியும் முதலாளியிடம் ஒரு சுருள் கெஞ்சி வாங்கிக்கொள்ளலாம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நினைத்தாராம். கடைசிப் படம், வெயிலில் ஆவி பறக்கிற ஒரு மலை. அதில் ஆள் யாரும் இல்லை.

இங்கே தோட்டத்தில் பதினான்காம் தேதியே கந்தோரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கோச்சி நாள் ஒரு வாரம் முன்னுக்கு வந்திருக்கிறது, இருபத்து நான்கு அல்ல, பதினேழு. மூன்று நாட்களில் பெட்டி கட்டினார்கள். பதின்மூன்றாம் தேதி வந்துவிடுவதாகச் சொல்லிப் போன மாமா வரவில்லை. பெரியாயி அத்தை ஒவ்வொரு நாளும் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பதினேழாம் தேதி மாலை நானும் அம்மாவும் அவர்களோடு பதுளை ஸ்டேசனுக்குப் போனோம். மூன்று தோட்டத்து ஆட்கள் அன்றைக்குப் போனார்கள். அந்தக் கோச்சிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகிறவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நிற்கிறவர்கள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பெரியாயி அத்தை மட்டும் அழவில்லை. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியில் சாப்பிட எது எந்தப் பொட்டலத்தில் இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது மேலேயிருந்து ஒரு கோச்சி வந்து மறுபக்கத்தில் நின்றது. அதிலிருந்து மாமா இறங்கினார். கழுத்தில் கேமரா, கையில் சுருட்டிய சான்றிதழ். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் கண்டேன். களைப்பு என்று நினைத்தேன்.

"வந்துட்டான்" என்றார் பெரியாயி அத்தை. "நான் சொன்னேன்ல, வந்துருவான்னு. ஏய் வெள்ளைத்தாயி, எறங்கு, எறங்கு. நம்ம போட்டோக்காரன் வந்துட்டான்."

"அக்கா..." என்றார் மாமா.

"பேசாத. நேரமில்ல. எடு."

மாமா இரண்டாவது முறை வாயைத் திறப்பதற்குள் அவர்கள் நின்றுவிட்டார்கள். வெள்ளைத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் புருஷன் மூத்த பெண்ணைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். பெரியாயி அத்தை கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பேரனை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றினார். "என் மூஞ்சி தெரியுதா தம்பி?" என்றார்.

"தெரியுதுக்கா."

மாமா கேமராவுக்கு மேலே குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடி இருந்தார். பிறகு அழுத்தினார். சத்தம் கேட்டது. கார்ட் விசில் ஊதினார்.

ஒன்றை நான் கவனித்தேன். மாமா அன்றைக்கு உள்ளங்கையைப் பார்க்கவில்லை. கொழும்பில் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மாமா எடுத்த படம் ஒன்றுகூடக் கந்தோரிலிருந்து திரும்பி வரவில்லை. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, பெண்களின் கன்னத்து மச்சம் எல்லாம் விழுந்தன. மற்றத் தோட்டங்களிலிருந்தும் தேடி வந்தார்கள். மர்ஸூக் முதலாளியே, "ரெண்டு நிமிசப் பாடமெண்டாலும் பாடம்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆவி பறக்கிற மலையின் படத்தைப் பெரிதாகப் போட்டு முதலாளி கடையில் மாட்டினார். ஒரு மாதத்துக்குள் மாமா அதைக் கழற்றிவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

பெரியாயி அத்தை அந்தப் படத்தைக் கேட்டார். "கழுவக் குடுத்திருக்கேன்" என்றார் மாமா. பிறகு மருந்துத் தட்டுப்பாடு என்றார். பிறகு காகிதம் இல்லை என்றார். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்ததால் அத்தை நம்பினார். ஒரு வருடம் கழித்து மாமா ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியாயி அத்தையின் முகம் அதில் மிக நன்றாக விழுந்திருந்தது. பக்கத்தில் மகளும் மருமகனும் பிள்ளைகளும். அத்தை அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது அன்னைக்கு எடுத்தது இல்ல தம்பி."

"அதுதான்கா."

"பேரன் என் இடுப்புல இருந்தான். இதுல அவன் தனியா நிக்கிறான். மாப்பிள்ள அந்தக் கோட்டப் போட்டிருக்கார். அன்னைக்கு யாரு கோட்டுப் போட்டா?" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற. ஸ்டேசன்ல எடுத்ததக் குடு. மெதுவாக் குடு, ஒண்ணும் அவசரமில்ல."

அவர்களுடைய பாஸ்போட் படங்களையும், பின்னால் அத்தையின் பிரஜாவுரிமைக் காகிதத்துக்கு எடுத்த படத்தையும் வெட்டி ஒட்டி, ஒரு மாதம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த படம் அது. மாமா அதைக் கிழித்துப்போட்டார். அன்றிலிருந்து பெரியாயி அத்தை எதிரே வந்தால் அவருடைய கை தானாக மேலே போகும். தேவையில்லாத அந்தப் பழைய பழக்கத்தோடு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்.

எழுபத்தொன்பதில் அதே சங்கத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை வர்ணப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம், அனுராதபுரம் வரை சுற்றுலா. பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் மாமா அதை நீட்டினார்.

"போகலாமா, சொல்லு."

"வகுப்பு நல்லதுதானே மாமா. போன தடவை போனதுனாலதானே இவ்வளவு நல்லா எடுக்குறீங்க?"

"ஆமா" என்றார். "அதனாலதான்." கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். போகவில்லை.

அடுத்த வருடம் பதுளை ஆஸ்பத்திரியில், ஈரல் வீங்கிப் படுத்திருந்தபோதுதான் சொன்னார். மத்தியானம், பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அன்னைக்குக் கேமராவுல பிலிம் இல்ல புள்ள" என்றார். எனக்கு முதலில் எந்த நாள் என்று புரியவில்லை. மலையைப் பற்றியும், பதுளை டவுன் என்று சொன்னதைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். "இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவங்க எல்லாம் கண்ணத் தொடச்சிட்டு நின்னுட்டாங்க. எப்படிச் சொல்லுவேன்?"

பதினொரு நாள் கழித்து இறந்துபோனார்.

அந்த வகுப்புக்குப் போனது சரியா என்று நான் எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். நூற்றுக்கணக்கான முகங்கள் தெளிவாயின. அவர்களுக்கு முறை தப்பவில்லை. அவர்களில் ஒருவருக்கும் மாமாவின் பெயர்கூட நினைவில் இருக்காது. ஒரு முகம் விழவில்லை, அந்த முகம் எங்கள் எதிர்க் காம்பராவில் இருக்கிறது. சுற்றுலாவை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. தோளில் கை வைத்துக் கூப்பிட்டால் நான் இறங்கி வந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டால் பதில் எளிதாக இல்லை.

மாமாவின் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. பெரியாயி அத்தைக்கு வயதாகி, தோட்டக் கணக்கில் பெயர் வெட்டியாகி, இப்போது வேலைக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை கடிதம் வந்ததும் என்னிடம் வந்து உட்காருவார். வெள்ளைத்தாயியின் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அவர்கள் நீலகிரிப் பக்கம் வேறொரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அத்தை இடுப்பில் வைத்திருந்த பேரனுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. போன வாரம் வந்த கடிதத்தின் கடைசி வரியிலும் அவள் கேட்டிருந்தாள்: அடைக்கலம் மாமா ஸ்டேசனில் எடுத்த படம் கிடைத்ததா, அம்மா முகத்தை இவனுக்குக் காட்ட வேண்டும்.

"மாமா சாமானுக்குள்ள நல்லாத் தேடிப் பாத்தியா?" என்று கேட்டார் பெரியாயி அத்தை.

"இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை."

"பாவம், செத்தவன் எங்க வச்சானோ. எழுது, இன்னும் கிடைக்கலன்னு எழுது. கிடைச்சதும் அனுப்புறோம்னு போடு."

எழுதினேன்.